விரல் வைத்தால் மீன் மாயம்!

செருப்பை வாசலில் விட்டுவிட்டுச் சத்தம் போடாமல் உள்ளே வாருங்கள். மேசையில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள். அதுதான் இன்றைக்கு எங்கள் மேடை. இரண்டு பால்மா டின்கள். அவற்றுக்குக் குறுக்கே பாலம் போல இரண்டு அடிமட்டங்கள். பாலத்தின் மேல் மல்லாந்து படுத்திருக்கும் ஒரு பழைய போன். போனின் முதுகிலுள்ள கமெரா கீழே எட்டிப் பார்க்கிறது. அங்கே, பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒட்டிய ஒரு கறுப்புச் சதுரம். நாடக சாமான் இவ்வளவுதான்!

இடம்: கல்முனைக்குத் தெற்கே சாய்ந்தமருதில், கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் என் ராத்தாவின் வீடு. நேரம்: அஸருக்குப் பிறகு. பார்வையாளர்கள்: ராத்தா, மூத்தம்மா, நான், ஒரு பூனை. கதாநாயகன் ராத்தாவின் மகன். எட்டு வயது. பேச்சு அவனிடம் சில்லறைக் காசு மாதிரி. எண்ணி எண்ணித்தான் வெளியே வரும். படப் புத்தகத்தை விரித்துக் கொடுத்தால் படத்தை விட்டுவிட்டுத் தாளின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருப்பான்.

போனில் ஒரு தட்டு தட்டினேன். திரையில் மேசை தெரிந்தது, அவனுடைய விரல்கள் தெரிந்தன, அட்டை தெரிந்தது. அட்டைக்கு மேலே, ஒரு விரற்கடை உயரத்தில், வாலை ஆட்டிக்கொண்டு ஒரு மீன்!

திரையைப் பார்த்தான். குனிந்து அட்டையைப் பார்த்தான். மீன் இல்லை. திரை. மீன்! அட்டை. இல்லை. திரை. மீன்! மூத்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “யா அல்லாஹ், இதென்ன வேலை!” என்றார். பூனை மட்டும் எழும்பிப் போனது. அதற்கு வாசம் இல்லாத மீனில் அக்கறையில்லை.

இந்த வித்தைக்கு ஏ.ஆர். என்று பெயர், புத்தகத் தமிழில் மிகை மெய்ம்மை. வி.ஆர். என்ற இன்னொன்று இருக்கிறதே, அது கண்ணை மூடிக் கட்டிப் பிள்ளையை வேறோர் உலகத்துக்குக் கொண்டுபோய்விடும். ஏ.ஆர். அப்படிச் செய்யாது. மேசை அதே மேசை, பக்கத்தில் உம்மாவின் கை அதே கை; நடுவில் ஒரே ஒரு புதினம் மட்டும் கூடுதலாக வந்து நிற்கும். புது இடம் என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய சலுகை என்று அப்படியொரு பிள்ளையை வளர்ப்பவர்களுக்குத் தெரியும்.

சதுரத்துக்குள் யார்?

இனித் திரையைக் கொஞ்சம் விலக்கிப் பார்ப்போம். கமெரா நொடிக்கு ஏறக்குறைய 30 படங்கள் எடுக்கிறது. மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் முதலில் வெறும் கறுப்பு வெள்ளையாக்கிவிடும். பிறகு, நாலு மூலையுள்ள கறுப்பு உருவம் எங்கே என்று தேடும். அகப்பட்டதும், அந்த நாலு மூலைகளும் எப்படிக் கோணித் தெரிகின்றன என்று கணக்குப் பார்த்து, அட்டை எத்தனை தூரத்தில், எந்தச் சாய்வில் கிடக்கிறது என்று கண்டுபிடிக்கும். சதுரத்துக்கு உள்ளே இருக்கும் கோலத்தை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது மீன் அட்டை, தலைமாடு இந்தப் பக்கம்” என்று முடிவுக்கு வரும். அதே சாய்வுக்குப் பொருந்துகிற மாதிரி மீனைக் கீறிப் படத்தின் மேல் ஒட்டும். இவ்வளவும் ஒரு கண் சிமிட்டலுக்குள் பல தடவை!

இந்தச் சதுர வித்தையை ஊருக்கெல்லாம் திறந்துவிட்டவர் ஜப்பானியரான ஹிரோகாசு கட்டோ. 1999ஆம் ஆண்டு அவர் உருவாக்கிய மென்பொருளின் பெயர் ஏஆர்டூல்கிட். இன்றைக்கும் புதிதாகப் பழகுகிறவர்கள் அச்சிட்டுப் பார்க்கும் அட்டையின் நடுவில் ‘ஹிரோ’ என்று எழுதியிருக்கும். அவருடைய பெயரின் முன்பாதி! அவரோடு வேலை செய்த மார்க் பில்லிங்ஹர்ஸ்டும் தோழர்களும் 2001இல் ‘மெஜிக்புக்’ என்றொன்றைக் காட்டினார்கள்: சாதாரணப் புத்தகம்தான், கையில் பிடிக்கும் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பக்கத்திலிருந்து கதை எழும்பி நிற்கும். அந்தக் காலத்தில் அதற்குக் கணினியும் வயரும் பட்டாளமும் தேவைப்பட்டன. 2017இல் ஜெரோம் எட்டியேன் என்ற நிரலாளர் ஏஆர்.ஜேஎஸ் என்பதை இலவசமாக வெளியிட்டார். செயலி ஒன்றும் இறக்கத் தேவையில்லை; போனின் உலாவியிலேயே ஓடும். எங்கள் பால்மா டின் மேடை ஏறியது அந்தப் புண்ணியத்தில்தான்.

இன்னொரு குட்டையும் உடைத்துவிடுகிறேன். ‘ஓக்மென்டட் ரியாலிட்டி’ என்ற பெயர் விளையாட்டுக் கடையில் பிறந்ததல்ல. விமானத் தொழிற்சாலையில் பிறந்தது. போயிங் நிறுவனத்தில் டொம் கோடெல், டேவிட் மிசல் என்ற இருவர் 1992இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் வந்த பெயர் அது. விமானத்துக்கு வயர் கோக்கும் தொழிலாளி ஒவ்வொரு தடவையும் வரைபடத்தைப் புரட்டாமல், எந்த வயர் எங்கே போகவேண்டும் என்பதைத் தன் கண் முன்னாலேயே, வேலை நடக்கிற இடத்திலேயே பார்க்க வேண்டும் என்பது அவர்கள் யோசனை. ஆக, சொல்லும் பொருளும் பிரிந்து கிடந்தால் தடுமாறுகிறவருக்கு இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுப்பதுதான் இந்த வித்தையின் பிறவிக்குணம். எங்கள் வீட்டுக் கதாநாயகனுக்கும் அதுதானே வேணும்!

கொமினிகேஷன் கடைக் கூத்து

மேடையில் மீன் நீந்த முன்னர் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை.

அட்டையை அச்சடிக்கக் கொமினிகேஷன் கடைக்குப் போனேன். கடைத் தம்பி நல்ல மனசுக்காரர். சதுரத்தைச் சுற்றியிருந்த வெள்ளைக் கரையைப் பார்த்துவிட்டு, “இது வீண்தானே மிஸ்” என்று கத்தரிக்கோலால் நேர்த்தியாக வெட்டித் தந்தார். வீட்டுக்கு வந்து பிஸ்கட் பெட்டியின் கடுஞ்சிவப்புப் பக்கத்தில் ஒட்டினேன். மீனும் இல்லை, மண்ணும் இல்லை! கறுப்பின் ஓரத்தை மென்பொருள் கண்டுபிடிப்பதே பக்கத்தில் வெள்ளை இருப்பதால்தான். அந்த வீண் கரைதான் உயிர்நாடி.

மறுநாள் கரையோடு அச்சடித்து, பிள்ளையின் கைபட்டுக் கிழியாமலிருக்க லெமினேட்டும் செய்துகொண்டு வந்தேன். இப்போது டியூப் லைட் அட்டையில் விழுந்து வெள்ளைக் கோடாக மினுங்கியது. சதுரத்தின் ஒரு பக்கம் கமெராவின் கண்ணுக்கு மறைந்துபோனது. மினுங்காத தாளும் தடித்த அட்டையும்தான் சரி. கிழிந்தால் இன்னொன்று அடித்தால் போகிறது.

மூன்றாவது எதிரி தலைக்கு மேலே சுழன்றுகொண்டிருந்தான். மின்விசிறி! அதன் இதழ்களின் நிழல் அட்டையில் விழுந்து விழுந்து போனதில், மீன் வந்தது, போனது, வந்தது, போனது. எனக்கு அது வேடிக்கை. ராத்தாவோ பட்டென்று போனைக் கவிழ்த்துவிட்டார். அவர் செய்ததுதான் சரி. வலிப்பு வரும் பிள்ளைகள் சிலருக்கு இப்படி மினுக்கி மினுக்கி வரும் வெளிச்சம் ஆபத்தாகிவிடும். சத்தமும் அப்படித்தான், எதிர்பாராமல் ‘டாங்’ என்று ஒலித்தால் அன்றைய பாடம் முடிந்தது. விசிறியை நிறுத்தி, ஒலியைக் குறைத்து, வியர்வை வழிய உட்கார்ந்தோம். கலைக்காகக் கொஞ்சம் வேகத்தானே வேண்டும்!

“இல்ல!”

முதல் நாள் மீனைக் கண்டு அசந்துபோனவன், இரண்டாம் நாள் அட்டையைத் தள்ளிவிட்டு, “இல்ல” என்றான். போனைத் தூக்கிப் பார்த்தேன். மீன் இருக்கிறதே! மீன் என்று சொல்லிப் பார்த்தேன். “இல்ல.”

ராத்தாதான் பிடித்தார். நான் இணையத்திலிருந்து இலவசமாக எடுத்து நீந்தவிட்டது ஒரு தோடம்பழ நிறத் தங்கமீன். இவன் பிறந்ததிலிருந்து கண்ட மீன் கீரி, சூடை, பாரை, சூரை. கண்ணாடித் தொட்டியில் வளர்கிற அந்தச் செம்மஞ்சள் பிராணி எந்தக் கணக்கில் மீன்? பிள்ளை சரியாகத்தான் சொன்னான், அவன் சாச்சி நான்தான் பெயில்!

அடுத்த காலை மோட்டார் சைக்கிளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்த மீன்கார நானாவிடம் கீரி வாங்கினோம். ஒன்றை வெள்ளைத் தட்டில் வைத்து மேலிருந்து படம் எடுத்தேன். தட்டின் வெள்ளையை நீக்கி, மீனை மட்டும் கத்தரித்து அட்டைக்கு மேலே மிதக்கவிட்டேன். முப்பரிமாணம் இல்லை, வாலாட்டல் இல்லை. ஆனால் எங்கட கீரி. நான் கத்தரித்துக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் நட்சத்திரமான அந்தக் கீரியைப் பூனை தூக்கிக்கொண்டு போனது வேறு கதை.

குரலிலும் அதே பிரச்சினை. போனிலுள்ள தமிழ்க் குரல் செய்தி வாசிக்கிற மாதிரிச் சொன்னதை அவன் சட்டை செய்யவேயில்லை. சரி, மூத்தம்மாவே பேசட்டும் என்று ஒலிப்பதிவுக்கு உட்கார்த்தினோம். ஒரு சொல் போதும், ‘கீரி’ என்றால் சரி. மூத்தம்மா தொண்டையைச் செருமி, பிஸ்மி சொல்லி, “கீரி மகன், கீரி, திங்கிறியா?” என்றார். மறுபடி எடுத்தோம். “கீரி மகன், கீரி, திங்கிறியா?” ஆறு தடவை! தின்னக் கேட்காமல் மீனின் பெயரைச் சொல்ல அவரால் ஏலவில்லை. கடைசியில் ஆறாவது பதிவிலிருந்து முதல் சொல்லை மட்டும் வெட்டி எடுத்தேன். அட்டை கண்ணில் பட்டதும் மூத்தம்மாவின் குரல் ‘கீரி’ என்று ஒலிக்கும். வெட்டி எறிந்த பதிவுகளை மூலையில் உட்கார்ந்து யார் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது கடைசியில்தான் தெரியவந்தது.

கண்ணாடி போட்ட பிள்ளைகள்

நாங்கள் செய்தது சமையலறை வித்தை. இதையே ஆய்வுகூடத்தில் செய்தால் எப்படியிருக்கும்? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டெனிஸ் வோல் என்ற பேராசிரியரின் கூடத்தில், கட்டலின் வொஸ் என்ற இளைஞர் கூகுள் கிளாஸ் கண்ணாடியை எடுத்துக்கொண்டார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு எதிரே இருப்பவரின் முகத்தைப் படிப்பது கடினம். கண்ணாடியிலுள்ள கமெரா உம்மா, வாப்பாவின் முகத்தைப் பார்க்கும். போனிலுள்ள மென்பொருள் அது சந்தோஷமா, கோபமா, ஆச்சரியமா என்று கணித்து, கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சின்ன முகக்குறியாகக் காட்டும். மொத்தம் எட்டு முகபாவங்கள். விளையாட்டும் உண்டு: ஒன்றில், உம்மா ஒரு முகத்தை வைத்துக்கொள்ள, பிள்ளை அது என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும், இன்னொன்றில் பிள்ளை எதிரே இருப்பவரைச் சிரிக்கவைத்துப் புன்னகையைப் பிடிக்க வேண்டும். புன்னகை வேட்டை!

அவர்களுடைய முடிவு 2019இல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழில் வந்தது. 6 முதல் 12 வயது வரையான 71 பிள்ளைகள். 40 பேருக்குக் கண்ணாடியும் வழக்கமான சிகிச்சையும். 31 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். வாரத்துக்கு நாலு தடவை, தடவைக்கு 20 நிமிடம், ஆறு வாரம், அவரவர் வீட்டில். கண்ணாடி போட்டவர்கள் சமூகப் பழக்கத்தை அளக்கும் ஓர் அளவீட்டில் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: 71 என்பது இந்தத் துறையில் பெரிய எண்ணிக்கை, உலகத்துக்குச் சிறிய எண்ணிக்கை. அதனால் துள்ளிக் குதிக்கலாம், கூரையில் தலை இடிக்காமல்.

இன்னொரு திருப்பமும் இருக்கிறது. அந்தக் கண்ணாடியின் விற்பனையைக் கூகுள் 2023இல் அடியோடு நிறுத்திவிட்டது. கருவி போய்விட்டது. பிள்ளையும் பெற்றோரும் எதிரெதிரே உட்கார்ந்து முகம் பார்த்த அந்த 20 நிமிடத்துக்குக் கடையில் தட்டுப்பாடு வராது.

ஒரே பாவு, வேறு வேறு ஊடை

மருதமுனைத் தறியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாவு ஒன்றாக இருந்தாலும் ஊடையை மாற்றினால் சாரம் வேறாகிவிடும். இந்த அட்டையும் அப்படித்தான்.

காது கேளாத பிள்ளைக்கு மூத்தம்மாவின் குரலால் என்ன பயன்? மீனுக்குப் பக்கத்தில் சைகை மொழியில் ‘மீன்’ என்று காட்டும் கைகளின் சிறு வீடியோவை மிதக்கவிடலாம். பொருளையும் சைகையையும் மாறி மாறிப் பார்த்துக் கண் களைக்காது. மூளை முடக்குவாதத்தால் கை நடுங்கும் பிள்ளையிடம் போனைப் பிடிக்கச் சொல்லக் கூடாது. எங்கள் பால்மா டின் பாலம் அப்படிப்பட்ட கைகளுக்கும் உதவும். ஒஸ்மோ என்றொரு விளையாட்டுக் கருவி வந்ததே, அது ஐபேட்டின் முன் கமெராவில் சின்னச் சிவப்புக் கவ்வியில் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டொன்றைக் கொழுவி, அதன் பார்வையை மேசைக்குத் திருப்பிவிட்டது. என்ன மூளை! பார்வை மங்கிய பிள்ளைக்குப் பெரிய உருவம், அழுத்தமான நிறம், பின்னணியில் எதுவும் வேண்டாம். பார்வையே இல்லாத பிள்ளைக்கோ இந்த வித்தை வேலைக்காகாது. உண்மையான மீனைக் கையில் கொடுப்பதுதான் பாடம்.

இலங்கையில் இந்தப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடக் கதை பழையது. மேரி சாப்மன் 1912இல் தொடக்கிய இரத்மலானைப் பாடசாலையிலிருந்து, இன்று ஊர்ப் பாடசாலைகளுக்குள் இருக்கும் விசேட கல்வி அலகுகள் வரை நீளுகிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இவர்களுடைய உரிமைகளுக்காக வந்தது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் 5 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 8.7 சதவீதத்தினருக்கு ஏதோவொரு இயலாமை உண்டு. எங்கள் கரையில் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தொழில்நுட்பப் பீடமும், சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடமும் இருக்கின்றன. இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடும் தம்பி தங்கைகளே, கீரி, தயிர்ச் சட்டி, தோணி, ஓட்டோ, பிட்டு என்று நூறு அட்டை, எங்கட ஊர்ப் பேச்சில்! கேட்கும்போதே நாக்கு ஊறவில்லையா?

விரல்

இனி, நான் இத்தனை நேரம் ஒளித்து வைத்திருந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆறாம் நாள் நடந்தது இது.

கீரி மிதந்துகொண்டிருந்தது. அவன் வழக்கம் போலத் தாளின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தான். ஒரு விரல் சதுரத்தின் மூலையில் ஏறிவிட்டது. மீன் மாயம்! மூலை மறைந்தால் சதுரம் இல்லை. சதுரம் இல்லையென்றால் மீன் இல்லை. மென்பொருளின் பலவீனம் அது. அவன் விரலை எடுத்தான். ‘கீரி’ என்றது மூத்தம்மாவின் குரல். மீன் வந்தது. விரலை வைத்தான். மாயம். எடுத்தான். ‘கீரி’. வைத்தான். எடுத்தான். வைத்தான்...

ஒன்பதாவது தடவை விரலை எடுக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு, தலையைத் தூக்கி ராத்தாவைப் பார்த்தான். நேராக, கண்ணுக்குள். ‘இப்ப பாருங்க’ என்கிற பார்வை! ஒரு பொருளைக் காட்டி, மற்றவரும் அதைப் பார்க்கிறாரா என்று கண்ணைத் தேடுவது பேச்சுக்கு முன்னால் வரவேண்டிய படி. அதற்காகத்தான் ராத்தா வருடக்கணக்காகக் காத்திருந்தார். அவர் மூச்சுக்கூட விடாமல், “மறுகா?” என்று கேட்டார். அவன் விரலை எடுத்தான். “கீரி!” என்றான். போனிலிருந்து மூத்தம்மா சொல்வதற்கு அரை நொடி முன்னால்!

நான் மேசைக்குக் கீழே உட்கார்ந்து அழுதேன். பூனைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அதற்குப் பிறகு வேலை தலைகீழ். நடை பழக்குகிறவர் கையை விடாமல் இருந்தால் பிள்ளை நடக்கப்போவதில்லை. துணையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது விசேட கல்வி ஆசிரியர்களின் முதல் பாடம். முதலில் குரலை எடுத்தோம். பிறகு போனை எடுத்துவிட்டு, அதே கீரியின் அச்சடித்த படத்தை மட்டும் வைத்தோம். ஒரு பின்னேரம் படத்தையும் வீட்டில் விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போனோம்.

கரைவலை இழுத்து முடிந்திருந்தது. மணலில் வெள்ளி கொட்டிய மாதிரி மீன்கள். அவன் குந்தி உட்கார்ந்து ஒரு கீரியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மெதுவாக ஒரு விரலை அதன் வாலில் வைத்தான். காத்திருந்தான். மீன் மறையவில்லை. விரலை எடுத்து மறுபடி வைத்தான். மறையவில்லை! வால் மட்டும் ஒரு தடவை துடித்தது. துள்ளி எழும்பினான், பெரிதாகச் சிரித்தான்.

வலைக்காரக் காக்கா என்னவென்று திரும்பிப் பார்த்தார். இவன் அவரைப் பார்த்து, மூத்தம்மாவின் அதே இழுவையில், நான் வெட்டி எறிந்த அந்தப் பதிவை ஒரு சொல் குறையாமல் ஒப்புவித்தான்:

“கீரி மகன், கீரி, திங்கிறியா?”

காக்கா இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். “திம்பனே மகன்!” என்று சொல்லி, ஒரு கை கீரியை அள்ளி அவன் முன்னால் போட்டார்.